ஊரை அலங்கரித்தவர்களுக்கு ஊரில் இடம் எங்கே?

விருதுநகருக்குப் புதிதாக வருகிற விருந்தாளியை ஊர்க்காரர்கள் எங்கெங்கே அழைத்துச் செல்வார்கள் என்பது நமக்குத் தெரியும். கடைவீதியைக் காட்டுவார்கள். நடு ஊரில் தெப்பக்குளத்தைக் காட்டுவார்கள். பராசக்தி மாரியம்மன் கோயில், தேசபந்து திடல், சுலோச்சன நாடார் தெருவில் காமராசர் வளர்ந்த வீடு என்று நடந்தே ஒரு சுற்று வந்துவிடலாம். சாயங்காலமானால் எண்ணெய்ப் பரோட்டா. இவற்றில் எதையும் குறைத்துப் பேச நமக்கு மனம் வராது. பரோட்டாவையும் சேர்த்தே சொல்கிறோம்.

பங்குனிப் பொங்கல் வந்துவிட்டாலோ, கேட்க வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு விளக்குத் தோரணம், பொருட்காட்சியில் ராட்டினம், அக்கினிச்சட்டி எடுத்து வருகிற கூட்டம். மதுரையிலும் சென்னையிலும் பிழைக்கப் போனவர்கள் தீபாவளிக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். சிவகாசிக்காரர்களுக்குப் பத்திரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கல் எப்படியோ, அப்படி இவர்களுக்கு இது.

ஊர் தன் நடுவீதியையும் திருவிழாவையும் நேசிப்பது நியாயமே. ஆனால் அந்த நடுவீதியில் யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது, யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று தொழிலாளித் தோழர்கள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

விருதுநகர், முன்பு விருதுபட்டி. 1923-ல்தான் பட்டி நகராயிற்று. இங்கே விளைவது கொஞ்சம். விலை சொல்வது ஏராளம். பருப்பு, எண்ணெய், மிளகாய் வற்றல், மல்லி, பருத்தி எல்லாவற்றுக்கும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் தனிப் பத்தி வருமளவுக்கு வளர்ந்த சந்தை இது. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 1876-ல் ரயில் பாதை போட்டது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், இங்கே குடியேறிய வணிக மக்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்ட உறவின்முறையும் மகமையும். வந்த மூட்டைக்கும் போன மூட்டைக்கும் இவ்வளவு காசு என்று பொதுவுக்கு எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்தார்கள். 1889-ல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளிக்கூடம். காமராசர் படித்ததும் அங்கேதான். குளமும் கோயிலும் கல்விச்சாலையும் சர்க்கார் கொடுத்த தானமல்ல.

இதை நாம் பெருமையோடு சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மக்களை அன்றைய சமூகம் கோயில் வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக வழக்குப் போட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், நுழைய உரிமை இல்லை என்றே 1908-ல் தீர்ப்பு வந்தது. 1899 ஜூன் 6-ம் தேதி சிவகாசி கொள்ளையடிக்கப்பட்டு எரிந்தது. அந்தச் சாம்பலிலிருந்து எழுந்துதான் பள்ளியும் சந்தையும் தொழிலும் கண்டார்கள். தாழ்த்தி வைக்கப்பட்ட ஒரு கூட்டம் தன் காலில் நின்றது சாதாரணக் காரியமன்று.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். மகமைக் கணக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று எழுதினார்கள். அந்த மூட்டையைத் தூக்கிய தோளுக்குக் கணக்கில் பத்தி கிடையாது. சுமைகூலித் தோழரின் தோள்பட்டையில் ஏறாத மகமைக் காசு ஒன்றுகூட இருந்திருக்க முடியாது. குளத்தின் கல்லில் அவர் பெயரைத் தேடினால் கிடைக்காது.

சரி, தேசபந்து திடலுக்கு வருவோம். சித்தரஞ்சன் தாசின் பட்டப்பெயரைத் தாங்கிய திடல் இது. சுதந்திரப் போராட்ட காலத்திலிருந்து எத்தனையோ தலைவர்கள் பேசிய மேடை. நம் தோழர்களுக்கோ இது சங்கரலிங்கனாரின் திடல்.

1956 ஜூலை 27-ம் தேதி அந்த முதியவர் உண்ணாவிரதம் தொடங்கினார். சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவர் வைத்த கோரிக்கைகளில் தலையானது. சூலக்கரை மேட்டில் தொடங்கிய விரதம் பிறகு இந்தத் திடலுக்கு வந்தது. அவர் கதர்ச்சட்டைக்காரர், காங்கிரஸ் ஊழியர். முதல் மந்திரியாக இருந்தவரோ இந்த ஊர்ப் பிள்ளையான காமராசர். தன் கட்சி ஆட்சியில், தன் முதல் மந்திரியின் சொந்த ஊரில், ஒரு கிழவர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தார். மதராஸ் சர்க்கார் அசையவில்லை. அக்டோபர் 13-ம் தேதி மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

தன் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்க வேண்டுமென்று அவர் எழுதி வைத்திருந்தார். ஒரு காங்கிரஸ்காரர் அப்படி எழுதுவதற்கு மனத்தில் எவ்வளவு கசப்பு இருந்திருக்க வேண்டும்! அவருடைய விருப்பப்படியே தோழர்கள் கே.டி.கே. தங்கமணியும் ஜானகி அம்மாளும் மதுரையில் உடலைப் பெற்றுக்கொண்டார்கள். தத்தனேரியில் தகனம் நடந்தது. அதற்குப் பிறகு மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா பெயர் மாற்ற மசோதா கொண்டு வந்தார், அண்ணாதுரை 1963-ல் அதை ஆதரித்துப் பேசினார், அது தோற்றது. 1967 ஜூலை 18-ல் சட்டசபை தீர்மானம்; 1969 ஜனவரி 14 முதல் தமிழ்நாடு. உயிர் போய்ப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பெயர் வந்தது. அவருக்கு ஒரு மணிமண்டபம் எழும்புவதற்கோ ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதையை இங்கே எதற்கு இழுக்கிறோம்? ஊரின் நடுவில் யார் நினைக்கப்படுவார்கள் என்பதை ஊர் தானாக முடிவு செய்வதில்லை என்பதற்காகத்தான். கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அறுபது ஆண்டு கேட்டார்கள். அதனால் சங்கரலிங்கனாருக்கு மண்டபம் கிடைத்தது. கேட்க ஆளில்லாத இன்னொரு கூட்டம் இதே ஜில்லாவில் இருக்கிறது. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் இந்தியாவில் எந்த ஊர்த் திருவிழாவுக்கும் வெளிச்சமில்லை.

விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் சிவகாசி அதிக தூரமில்லை. தேசத்தின் அலங்காரப் பட்டறை அது. ஒரு காலண்டரை ஆணியில் மாட்டுகிறீர்கள். அதன் கீழ் ஓரத்தில் சிறிய எழுத்தில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். திருமணப் பத்திரிகையையும் சாமி படத்தையும் கட்சிச் சுவரொட்டியையும் அப்படியே திருப்பிப் பாருங்கள். பட்டாசைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். நாட்டில் வெடிக்கிற பட்டாசில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரு ஜில்லாவின் சரக்கு.

இது எப்படி வந்தது? மழை பொய்க்கும் கரிசல் பூமி. பயிர் செய்து பிழைக்க முடியாத ஊர். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923-ல் தொழில் தொடங்கியது. அதே சமயத்தில்தான் ஸ்வீடன் தீக்குச்சிக் கம்பெனியும் இந்தியாவில் விம்கோ என்ற பெயரில் இயந்திரத்தோடு வந்து இறங்கியது. இயந்திரத்தோடு சிவகாசி எதைக்கொண்டு போட்டியிட்டது? கையைக்கொண்டு. மலிவான கை, பெரும்பாலும் பெண்ணின் கை, பல பத்தாண்டுக் காலம் குழந்தையின் கை. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுக்கூடம் வந்தது. மருந்து தெரிந்த கைக்கு மத்தாப்பு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டு வெடிகளின் வரத்து நின்றது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து லைசென்ஸ் முறை ஏற்பட்டது. பட்டாசுத் தொழில் வேரூன்றிவிட்டது. குட்டி ஜப்பான் என்று நேரு இந்த ஊரைப் புகழ்ந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைச் சொல்லாத மேடை சிவகாசியில் கிடையாது.

முதலாளிமார் உழைக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. வறண்ட மண்ணில் தொழிலைக் கொண்டுவந்தவர்கள் என்ற மரியாதை அவர்களுக்கு உண்டு. கதையை அத்தோடு முடித்துவிடுவதில்தான் நமக்குச் சம்மதமில்லை.

தோழர்களே, வானத்தில் ஒரு பூ விரிகிறது. பச்சை நிறம். அந்தப் பச்சை பேரியத்தால் வருவது. சிவகாசியில் அதற்குப் பச்சை உப்பு என்று பெயர். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்கு சோடியம், வெள்ளிப் பொறிக்கு அலுமினியப் பவுடர். வெடியுப்பும் கந்தகமும் கரித்தூளும் அடிப்படை. பட்டணத்துப் பிள்ளை ஒரு நிமிஷம் பார்க்கிற அந்த நிறங்களோடு ஒருத்தி நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறாள். அலுமினியத் தூள் படிந்து கை, முகம், இமை எல்லாம் வெள்ளி பூசியதுபோல் ஆகிவிடுகிறது. வெளியூர்ப் போட்டோக்காரர்களுக்கு அது அழகான படம். அவள் வீட்டில் அது சோப்புக்கும் போகாத அழுக்கு.

வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சாவு அந்த விதத்துக்குள்ளேதான் இருக்கிறது. பட்டாசு ஆலை என்றால் ஒரே பெரிய கட்டடமன்று. இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகள். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தீ தாவக் கூடாது என்பது கணக்கு. மருந்தறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெட்டவெளியில் வேலை கூடாது. விதி சரியான விதி. எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தாம்.

ஆனால் கூலி எப்படி? குரோசுக்கு இவ்வளவு என்று செய்த எண்ணிக்கைக்குக் கூலி. வேகமாகச் செய்தால் காசு. நிதானமாகச் செய்தால் பட்டினி. ஒரு பக்கம், மருந்தை மெதுவாகக் கையாளு, உரசாதே, அவசரப்படாதே என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். மறுபக்கம், அவசரப்பட்டால்தான் அரிசி என்று கூலிப் புத்தகம் சொல்கிறது. எந்தச் சொல்லைத் தொழிலாளி கேட்பான்? வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் தொழிலாளியின் அஜாக்கிரதை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போகிறார்கள். அஜாக்கிரதைக்குக் கூலி நிர்ணயித்தவர் யார் என்று அறிக்கையில் இருப்பதில்லை.

இதற்கு மேல் உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். நாக்பூரில் பெற்ற லைசென்சை மாட்டி வைத்துவிட்டு, அறைகளைப் பலருக்குப் பிரித்து வாடகைக்கு விட்டுவிடுகிறார். குத்தகைக்கு எடுத்தவன் கொடுத்த பணத்தைச் சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் உட்காருகிறார்கள். இடம் போதாவிட்டால் மரத்தடி. நேற்றைய மருந்து மீந்துவிட்டால் இன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறான். ஈரம் பட்டு நீர்த்துப்போன மருந்து தானாகச் சூடேறும் என்பது ஏழாயிரம்பண்ணையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைக் கொட்டி அழிக்கச் சொல்ல வேண்டியவன் நஷ்டக் கணக்குப் பார்க்கிறான்.

ஆடிப் பதினெட்டில் பூஜை போட்டு வியாபாரம் தொடங்குகிறது. அதிலிருந்து ஐப்பசித் தீபாவளி வரை ஓட்டம்தான். அந்த ஓட்டத்தில்தான் 2012 செப்டம்பர் 5 வந்தது. முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். வெடிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். உள்ளே சிக்கியவரைத் தூக்கலாம் என்று வந்தவர்கள். என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர்கள். அப்போது மருந்துக் கிடங்கு வெடித்தது.

அதற்கு முன்பு 1991-ல் மீனம்பட்டி. முப்பது பேருக்கு மேல். அதற்குப் பின்பு 2021 பிப்ரவரி 12, சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபது பேருக்கு மேல். உள்குத்தகையின் லட்சணம் அங்கே ஊரறிய வெளிவந்தது. 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் இரண்டு வெடி. ரெங்கபாளையத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. பத்திரிகையில் பெட்டிச் செய்தியாக வந்துபோன ஒன்றும் இரண்டுமான சாவுகளை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இந்தப் பத்தி முடியாது.

ஒவ்வொரு முறையும் நடப்பது என்ன? மந்திரி வருகிறார். ஆறுதல் தொகை அறிவிக்கிறார்கள். போர்மேன் கைதாகிறார். விசாரணைக் குழு அமைகிறது. சில வாரங்களில் ஆலை வேறு வாசல் வழியாகத் திறக்கிறது. அச்சங்குளத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் தர வேண்டுமென்று பசுமைத் தீர்ப்பாயம் 2021-ல் சொன்னது, அந்தத் தொகை மற்ற எல்லாக் குடும்பத்துக்கும் சட்டமாக வேண்டாமா என்று நாம் கேட்டோம், இன்றும் கேட்கிறோம்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டு, தில்லியில் இருக்கிறவர்கள் பட்டாசே வேண்டாமென்கிறார்களே, அதற்கென்ன பதில் என்று கேட்கலாம். 2018 அக்டோபர் 23-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து வரை மட்டுமே வெடிக்கலாம், சரவெடி கூடாது, பேரியம் கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்றது. 2021-லும் அதையே உறுதிப்படுத்தியது. 2025-ல் தில்லியில் பசுமைப் பட்டாசுக்குச் சில நாள் அனுமதி தந்தது. தில்லிக் குழந்தையின் நுரையீரல் கெடட்டும் என்று எந்தத் தொழிலாளியும் சொல்ல மாட்டான். அவன் குழந்தை தூங்குவதும் மருந்து வாசத்தில்தான். நம்முடைய சண்டை வேறு. காற்றைச் சுத்தப்படுத்தும் செலவை யார் தலையில் வைத்தார்கள் என்பதே கேள்வி. தீர்ப்பு வந்ததும் ஆலைகள் மாதக்கணக்கில் கதவடைத்தன. முதலாளிக்குச் சரக்கு இருந்தது, வங்கி இருந்தது. குரோஸ் கூலிக்காரிக்கு என்ன இருந்தது? போர்மேனிடம் வாங்கிய முன்பணம் இருந்தது, அதுவும் கடனாக. பச்சை உப்பை நிறுத்தச் சொன்ன நாடு, அதைத் தொட்டுப் பிழைத்தவளுக்கு ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது என்று சொல்லவில்லை.

சட்டம் வந்தால் மாறும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஒரு காலத்தில் சிவகாசி என்றாலே உலகப் பத்திரிகைகளில் குழந்தைத் தொழிலாளி என்றுதான் அர்த்தம். 1986-ல் சட்டம் வந்தது. சட்டத்தோடு நிற்காமல் சங்கங்களும் ஆசிரியர்களும் ஊர்ப் பெரியவர்களும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். பெருமளவுக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அதே பிடிவாதத்தை உள்குத்தகையிடம் காட்டினால் அது எத்தனை நாள் தாங்கும்?

இனித் தொடங்கிய இடத்துக்கு வருகிறோம்: ஊர் நடுவில் எழுதப்படுகிற பெயர்கள்.

நம் ஜில்லாக்காரர்கள் தீபாவளி ஜவுளிக்கு மதுரை விளக்குத்தூணுக்குப் போவார்கள். அந்தத் தூண் யாருடையது? கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பியது. 1840-களில் அவர் காலத்தில்தான் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து வீதிகள் போட்டார்கள். அந்த வேலையில் இருந்த வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் பெயரில் மாரட் வீதி. ஆட்களை மேய்த்த மேஸ்திரியின் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. இன்றும் அந்தப் பெயர்கள்தாம். கலெக்டருக்குத் தூண், உத்தியோகஸ்தருக்கு வீதி, மேஸ்திரிக்கும் ஒரு வீதி. இரக்கமுள்ள ஊர்தான்! ஆனால் மேஸ்திரியோடு பேனா நின்றுவிட்டது. கடப்பாரை பிடித்தவன் பெயரில் மதுரையில் ஒரு சந்துகூடக் கிடையாது.

உலகத்தில் எங்கும் இப்படித்தான் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. வடக்கே, வெகு தொலைவில், ஒரு கதை இருக்கிறது. கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்பது ஒரு துறைமுகப் பட்டணம். 1917 டிசம்பர் 6-ம் தேதி காலை, யுத்தத்துக்கு வெடிமருந்து ஏற்றி வந்த பிரெஞ்சுக் கப்பல் மோன் பிளான் மற்றொரு கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. உள்ளே என்ன சரக்கு என்பது ஊருக்குத் தெரியாது. ஜனங்கள் கரைக்கு ஓடி வந்தார்கள். ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கப்பல் வெடித்தது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் செத்தார்கள். முதலிப்பட்டியை மறக்காத நமக்கு இதைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது. தீயைப் பார்த்து ஓடி வருகிற மனிதச் சுபாவம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அன்றிரவே அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து டாக்டர்களையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு ரயில் புறப்பட்டது. அதற்கு நன்றியாக அடுத்த ஆண்டு ஹாலிஃபாக்ஸ் தரப்பிலிருந்து பாஸ்டனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் போயிற்று. 1971 முதல் ஆண்டுதோறும் போகிறது. பாஸ்டன் நகரின் நடு மைதானத்தில் அந்த மரத்தை நட்டு விளக்கு ஏற்றுகிறார்கள். குழந்தைகள் கைதட்டுகின்றன. பண்டிகை அலங்காரம்தான், ஆனால் எந்தச் சாவின் நினைவாக வந்த மரம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஹாலிஃபாக்சிலோ ஒரு நினைவேடு வைத்திருக்கிறார்கள். செத்தவர்களைப் பெயர் பெயராகத் தேடித் தொகுத்த ஏடு. 1,700-க்கு மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன.

நம் ஜில்லாவில் அப்படி ஓர் ஏடு எங்கே? இந்த ஜில்லா 1985-ல் பிரிந்தபோது காமராசர் பெயரைத் தாங்கியது. 1997-ல் தலைவர்கள் பெயர்களை நீக்கியபோது ஊர்ப் பெயருக்கு மாறியது. பெயர் வைப்பதற்கும் எடுப்பதற்கும் சட்டசபையில் நேரம் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பலியானவர்களின் பெயர்களை ஓரிடத்தில் எழுதி வைக்க எந்த ஆட்சிக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கல் நட்டால் வயிறு நிறையுமா என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்பார்கள். நிறையாது. கூலி உயர்வும் ஈ.எஸ்.ஐ.யும் உள்குத்தகை ஒழிப்பும் முதல் கோரிக்கைகள். அவற்றைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள். விபத்தில் இத்தனை பேர் பலி என்று எண்ணாக எழுதும் வரையில் அது செய்தி. மறுவாரம் வேறு எண் வந்து அதை மூடிவிடும். இன்ன ஊர், இன்னார் மகள், இத்தனை வயது, குழாய்க்கு மருந்து செலுத்தும் வேலை, கூலி இவ்வளவு என்று எழுதிவிட்டால், அது யார் மேலாவது விழுகிற பழி. அறையில் நான்கு பேருக்குப் பதில் எட்டுப் பேர் இருந்ததை அந்தப் பெயர்களே எண்ணிச் சொல்லிவிடும். அதனால்தான் எண்ணைத் தருகிறார்கள், பெயரைத் தருவதில்லை என்று நாம் சந்தேகப்படுகிறோம்.

இடம் எது என்று கேட்டால், சிவகாசியில் வேண்டும், விருதுநகரிலும் வேண்டும். தேசபந்து திடல் அதற்குப் பொருத்தமான இடம். பங்குனிப் பொங்கலுக்கு வருகிற கூட்டம் விளக்குத் தோரணத்தைப் பார்த்த கண்ணோடு அதையும் பார்க்கட்டும். திருவிழாச் சந்தோஷத்தில் துக்கத்தைக் கலக்கலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் பாஸ்டன் மரத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

கல் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நம் கையில் இருக்கிறது. பெயர்கள் காணாமல் போய்விடவில்லை. போலீஸ் ஸ்டேஷன் முதல் தகவல் அறிக்கைகளில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கின்றன. நஷ்டஈட்டு மனுக்களில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மீனம்பட்டியிலும் முதலிப்பட்டியிலும் அச்சங்குளத்திலும் ரெங்கபாளையத்திலும் சுவரில் மாலை போட்டு மாட்டிய படங்களுக்குக் கீழே இருக்கின்றன. கிளைத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போக வேண்டும். பெயர், ஊர், வயது, செய்த வேலை, வாங்கிய கூலி, அறையில் எத்தனை பேர், லைசென்ஸ் யாருடையது, குத்தகை யாருடையது, நஷ்டஈடு எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று கேட்டு எழுத வேண்டும். 1991-லிருந்து தொடங்கினால் போதாது. பழைய தீப்பெட்டி ஆபீசுகளில் வேலை பார்த்த பாட்டிமார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் போங்கள்.